பார்வைப் புலத்தில் ஓட்டை, பாதிப்பு எந்த இடத்தில்? ஃபீல்டு டெஸ்ட் தாளைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வில்லியம் வொல்லாஸ்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், பலேடியம், ரோடியம் என்ற இரண்டு தனிமங்களைக் கண்டுபிடித்தவர். ஒருமுறை ஒரு கதவின் மேல் எழுதியிருந்த ‘ஜான்சன்’ என்ற பெயரை அவர் படிக்கப் பார்த்தபோது ‘சன்’ மட்டும்தான் தெரிந்தது. வலது கண்ணால் பார்த்தாலும் இடது கண்ணால் பார்த்தாலும் இடப்பக்கப் பாதியைக் காணோம். கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. மனிதர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. கோளாறு கண்ணில் இருந்திருந்தால் ஒரு கண்ணில்தான் தெரிந்திருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே பக்கம் போனது என்றால், இரண்டு கண்களின் பாதிப் பாதி நரம்பிழைகள் மூளைக்குள் எங்கோ ஒன்றாகச் சேர்கின்றன என்று யோசித்து, 1824இல் கட்டுரையாகவே எழுதினார். 1828இல் அவர் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தபோது உள்ளே கட்டி இருந்தது.

ஸ்கேன் இல்லாத காலத்தில் அவர் செய்ததைத்தான் இன்றும் செய்கிறோம். ஆப்டோமெட்ரி மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், கையில் ஃபீல்டு டெஸ்ட் தாளோடு (கண் எங்கெங்கே பார்க்கிறது என்று அளந்த அச்சுத் தாள்; தெரியாத இடம் அதில் கறுப்பாக வரும்) குழம்பி நிற்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் கறுப்பு எவ்வளவு பெரியது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அது இரண்டாம்பட்சம். கறுப்பின் ஓரம் எந்தக் கோட்டில் வந்து நிற்கிறது என்பதுதான் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தாளுக்கு முன்னால் வரைபடம்

ஒரு கண் நேராகப் பார்க்கும்போது மேலேயும் மூக்குப் பக்கமும் சுமார் 60 டிகிரி, கீழே 70 முதல் 75 டிகிரி, காதுப் பக்கம் 90 டிகிரிக்குக் கொஞ்சம் கூடவே தெரியும். நடுவிலிருந்து காதுப் பக்கமாக 15 டிகிரி தள்ளி, படுக்கைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே குருட்டுப்புள்ளி இருக்கிறது. பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடம் அது.

லென்ஸ் எல்லாவற்றையும் தலைகீழாக்கும். மேலே இருப்பது விழித்திரையின் கீழ்ப்பாதியில் விழும். காதுப் பக்கம் இருப்பது விழித்திரையின் மூக்குப் பக்கப் பாதியில் விழும். தாளில் மேலே கறுப்பு என்றால் பழுது கீழ்ப்பாதி இழைகளில். இதை ஒருமுறை நன்றாக மனதில் ஏற்றிக்கொண்டால் மீதி எளிது.

ஒவ்வொரு பார்வை நரம்பிலும் சுமார் 12 லட்சம் இழைகள். இரண்டு நரம்புகளும் பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே கயாஸ்மா என்ற இடத்தில் சந்திக்கின்றன. அங்கே மூக்குப் பக்கப் பாதியிலிருந்து வரும் இழைகள் மட்டும் எதிர்ப்பக்கம் தாண்டுகின்றன. காதுப் பக்கப் பாதியின் இழைகள் தம் பக்கத்திலேயே போகின்றன. இந்தத் தாண்டலுக்குப் பிறகு வலது மூளையில் இருப்பது வலது கண் அல்ல, இரண்டு கண்களும் பார்க்கிற இடப்பக்க உலகம். அங்கிருந்து ஆப்டிக் டிராக்ட், பிறகு தாலமஸின் பின்பக்கம் உள்ள ஜெனிகுலேட் உடல், பிறகு ஆப்டிக் ரேடியேஷன் என்ற விசிறி, கடைசியாகப் பிடரிப் பக்கம் உள்ள பார்வைப் புறணி. விசிறியில் மேற்புலத்து இழைகள் டெம்போரல் மடல் (மூளையின் பொட்டுப் பக்கம்) வழியாக முன்னே வளைந்து சுற்றிப் போகும். கீழ்ப்புலத்து இழைகள் பரைட்டல் மடல் (உச்சிப் பக்கம்) வழியாக நேராகப் போகும்.

இப்போது இரண்டு கோடுகள். படுக்கைக் கோடு விழித்திரை போட்ட கோடு: நரம்பிழைகள் பார்வையின் மையத்தை மேலும் கீழுமாக வில் போல் சுற்றிக்கொண்டு நரம்பின் தலைக்கு வருகின்றன, மேல் வில்லும் கீழ் வில்லும் கலப்பதே இல்லை. நிற்கும் கோடு கயாஸ்மா போட்ட கோடு: தாண்டும் இழை, தாண்டாத இழை என்ற பிரிவே அதுதான். ஆகவே கறுப்பு படுக்கைக் கோட்டில் நின்றால் பெரும்பாலும் கண்ணிலோ பார்வை நரம்பிலோ தேடுங்கள். நிற்கும் கோட்டில் நின்றால் கயாஸ்மாவிலோ அதற்குப் பின்னாலோ தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: நிற்கும் கோடு பார்வையின் மையம் வழியாகப் போகிறது, குருட்டுப்புள்ளி வழியாக அல்ல. முதலாண்டு மாணவர்கள் இதில்தான் அதிகம் வழுக்குவார்கள்.

படி 1: கதையைக் கேளுங்கள்

‘இடது கண்ணு தெரியலை’ என்று வருகிறவரின் இடது கண் நன்றாகவே இருக்கலாம். இரண்டு கண்களிலும் இடப்பக்கம் போயிருக்கும். காதுப் பக்கப் புலம் பெரியது என்பதால் இடது கண்தான் போய்விட்டது என்று அவர் முடிவு கட்டியிருப்பார். ‘ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தீர்களா?’ என்று கேளுங்கள். மூடிப் பார்த்தவர் சொல்லும் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

கறுப்பாகவோ சாம்பலாகவோ ஒரு திட்டு நடுவில் நிற்கிறது, கதவுச் சட்டம் வளைந்து தெரிகிறது என்றால் விழித்திரை நினைவுக்கு வரட்டும். திட்டு எதுவும் இல்லை, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, சிவப்பு வெளிறித் தெரிகிறது என்றால் நரம்பு.

படிப்பதில் என்ன சிரமம் என்று தனியாகக் கேளுங்கள். இடப்பக்கம் போனவருக்கு அடுத்த வரியின் தொடக்கம் கிடைக்காது. விரலை வைத்துக்கொண்டு தேடுவார். வலப்பக்கம் போனவர் பாடு இன்னும் மோசம். கண் அடுத்து எங்கே தாவ வேண்டும் என்றே தெரியாது, நீளமான சொல்லின் வாலைக் காணாமல் அங்கேயே நிற்பார்.

இரண்டு காதுப் பக்கமும் போனவர்களின் புகார் விசித்திரமாக இருக்கும். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, நகம் வெட்டும்போது தடுமாறுகிறது என்பார்கள். பக்கத்தில் இருக்கும் ஒன்றை இரண்டு கண்ணாலும் உற்றுப் பார்க்கும்போது அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் இரண்டு கண்களின் காதுப் பக்கப் புலத்தில் போய் விழும். அந்தப் புலம் இரண்டிலும் இல்லை என்றால் ஊசிக்குப் பின்னால் உலகமே இல்லை. இவர்கள் கண்ணாடிக் கடைக்கு இரண்டு மூன்று முறை போய், பவர் மாற்றிக் கொண்டுதான் உங்களிடம் வந்திருப்பார்கள்.

படி 2: மெஷினுக்கு முன்னால் உங்கள் விரல்

ஒரு மீட்டர் தள்ளி, அவர் கண்ணும் உங்கள் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும்படி எதிரெதிரே உட்காருங்கள். ஜன்னல் உங்களுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. அவர் இடது கண்ணை உள்ளங்கையால் மூடட்டும். விரல்களால் மூடினால் இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவார். நீங்கள் வலது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் புலமும் அவர் புலமும் ஒன்றோடொன்று பொருந்தும்.

முதல் கேள்வி: ‘என் மூக்கையே பாருங்கள். முகம் முழுசாகத் தெரிகிறதா?’ மூக்கைக் காணோம் என்றால் நடுப்புலம் போயிருக்கிறது. நெற்றி இல்லை, தாடை இல்லை என்றால் படுக்கைக் கோட்டு விவகாரம். பாதி முகம் இல்லை என்றால் நிற்கும் கோடு.

அப்புறம் இருவருக்கும் நடுவில் கையை வைத்து, நான்கு கால்பகுதியிலும் விரல்களை எண்ணச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, ஐந்து போதும். மூன்றா நான்கா என்ற சோதனை கண்ணுக்கு வேண்டாம். பிறகு இரண்டு கைகளையும் இரு பக்கமும் ஒரே நேரத்தில் காட்டுங்கள். தனித்தனியாகக் காட்டும்போது எண்ணியவர், சேர்த்துக் காட்டும்போது ஒரு பக்கத்தை விட்டுவிட்டால் அது பரைட்டல் மடலின் கவனக் கோளாறாக இருக்கலாம்.

கடைசியாகச் சிவப்பு. ஒரே மாதிரி இரண்டு சிவப்பு மருந்துப் புட்டி மூடிகள் போதும். நிற்கும் கோட்டுக்கு இருபுறமும், மையத்துக்கு மிக அருகில் பிடித்து ‘எது நல்ல சிவப்பு?’ என்று கேளுங்கள். மங்கல் என்று சொன்ன பக்கத்திலிருந்து மூடியை மெல்ல நடுவுக்கு நகர்த்துங்கள். மூக்குக்கு நேராக வந்த கணத்தில் ‘இப்போ பளிச்சுன்னு ஆயிடுச்சு’ என்று அவர் சொன்னால், கயாஸ்மாவை ஏறக்குறைய விரலால் தொட்டுவிட்டீர்கள். விரல் எண்ணுவதில் தப்பித்துக்கொள்ளும் ஆரம்பக் கட்டப் பாதிப்புகள் இந்தச் சோதனையில் மாட்டும். கையால் செய்த சோதனை சரியாக இருந்தாலும் புலம் முழுசாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்; லேசான இழப்பு இதில் தவறிப் போகும்.

படி 3: தாளை நம்பலாமா?

நம் ஊர் கண் மருத்துவமனைகளில் ஃபீல்டு டெஸ்ட் என்றால் பெரும்பாலும் ஹம்ஃப்ரி மெஷின், அதிலும் 24-2 என்ற சோதனை முறை. அது 54 புள்ளிகளை 6 டிகிரி இடைவெளியில் சோதிக்கிறது. கோடுகளின் மேலேயே புள்ளி எதுவும் இல்லை. இரு கோடுகளுக்கும் 3 டிகிரி இந்தப் பக்கம், 3 டிகிரி அந்தப் பக்கம் என்று ஜோடியாக நிற்கும். இந்த அமைப்பு நமக்கு வசதி. நிற்கும் கோட்டின் இடம் வலமாக உள்ள ஜோடிகளை மேலிருந்து கீழாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தால், லேசான அரைப்புல இழப்பும் படிக்கட்டுப் படி போலத் தெரிந்துவிடும்.

தாளில் முதலில் மூலையில் உள்ள எண்களைப் பாருங்கள். பார்வையை நகர்த்தியது 20 சதவீதத்தைத் தாண்டினால் கேள்விக்குறி. வெளிச்சம் வராமலே பொத்தானை அமுக்கியது 15 சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் தாளை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். தெரிந்ததையும் அமுக்காமல் விட்ட எண்ணிக்கை கூடியிருந்தால் களைப்பாக இருக்கலாம், ஆனால் புலம் நிஜமாகவே கெட்டிருந்தாலும் அது கூடும்.

சாம்பல் படத்தைக் கண்டு மயங்காதீர்கள். 54 புள்ளிகளுக்கு இடையில் உள்ளதை மெஷின் தானாக நிரப்பிப் போட்ட ஓவியம் அது. பேட்டர்ன் டீவியேஷன் என்ற, ஒட்டுமொத்த மங்கலைக் கழித்தபின் மிஞ்சும் இழப்பைக் காட்டும் புள்ளிப் படமே முக்கியம். கண்புரை புலத்தை ஒட்டுமொத்தமாக மங்கலாக்கும். எதையும் கழிக்காத டோட்டல் டீவியேஷன் படம் கறுத்திருக்கும், பேட்டர்ன் படம் ஏறக்குறைய சுத்தமாக இருக்கும்.

பொய்க் கறுப்புகளும் உண்டு. தொங்கிய மேலிமை மேற்புலத்தைச் சாப்பிடும். டேப் ஒட்டித் தூக்கிவிட்டு மறுபடி எடுத்தால் மறைந்துவிடும். சோதனை லென்ஸ் கண்ணிலிருந்து தள்ளியிருந்தால் ஓரப் புள்ளிகள் மட்டும் கறுக்கும். நாலிலை போல நடுவில் வெளுத்து ஓரமெல்லாம் கறுத்திருந்தால், முதலில் சோதித்த நான்கு புள்ளிகளுக்கு மட்டும் கவனமாக இருந்துவிட்டுப் பிறகு கையை விட்டுவிட்டார் என்று பொருள். முதல் தடவை எடுப்பவரின் தாள் எப்போதுமே கொஞ்சம் மோசமாகத்தான் வரும்.

தாள் நோயாளி பார்க்கும் விதமாகவே அச்சாகிறது. வலது கண்ணின் தாளை வலப்பக்கமும் இடது கண்ணின் தாளை இடப்பக்கமும் மேஜையில் வைத்துக்கொண்டு சேர்த்துப் பாருங்கள். ஒற்றைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு இடம் சொல்லப் பார்ப்பது வீண் வேலை.

படி 4: ஒரு கண் மட்டும் என்றால்

ஒரு கண் மட்டும் கெட்டிருந்தால் பாதிப்பு கயாஸ்மாவுக்கு முன்னால். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, பின்னால் வருகிறது.

படுக்கைக் கோட்டில் மூக்குப் பக்கம் படி விழுந்திருந்தால், குருட்டுப்புள்ளியிலிருந்து வில் போல வளைந்து வந்திருந்தால், கிளாக்கோமா. மேல் அல்லது கீழ்ப்பாதி முழுக்கப் போய், காலையில் எழுந்தபோதே அப்படி இருந்தது என்றால் நரம்பின் தலைக்கு ரத்தம் குறைந்திருக்கிறது. கீழ்ப்பாதி போவதே அதிகம். வயது ஐம்பதைத் தாண்டி, தலைவலியும், மெல்லும்போது தாடை வலியும் சேர்ந்திருந்தால் ராட்சத செல் தமனி அழற்சியைச் சந்தேகியுங்கள். இஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தச் சோதனைகள் அன்றைக்கே. சிகிச்சையை ஆய்வக முடிவு வரும்வரை தள்ளிப்போடக் கூடாது. அடுத்த கண்ணும் சில நாட்களில் போகலாம்.

நடுப்புலத்தில் ஓட்டை என்றால் விழித்திரையின் மையமான மாக்குலா அல்லது மாக்குலாவிலிருந்து நரம்புக்குப் போகும் இழைக்கட்டு. கண்ணை அசைத்தால் வலி, சிவப்பு வெளிறல், இளவயது என்றால் பார்வை நரம்பு அழற்சி. ஆனால் அழற்சியில் எந்த வடிவமும் வரலாம்.

இரண்டு கண்களிலும் நடுவிலிருந்து குருட்டுப்புள்ளி வரை சேர்ந்த ஓட்டை என்றால் நச்சு, சத்துக் குறைவு பக்கம் யோசியுங்கள்: மெத்தனால், பி12, புகையிலை. நம் நாட்டில் முதலில் கேட்க வேண்டியது காசநோய் மாத்திரை. தேசியத் திட்டத்தின் ஆறு மாத சிகிச்சை முழுவதிலும் எத்தாம்ப்யூட்டால் இருக்கிறது. அந்த மருந்து பார்வை நரம்பைத் தாக்கும்போது இரண்டு காதுப் பக்கமும் போய், கயாஸ்மா பாதிப்பு போலவே வேஷம் போடுவதும் உண்டு. நிற்கும் கோட்டில் படி இருக்கிறதே என்று எம்.ஆர்.ஐ.க்கு எழுதும்போதே மாத்திரை அட்டையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மருந்தை நிறுத்துவதைக் காசநோய் மருத்துவரோடு பேசிச் செய்ய வேண்டும்.

மாலைக்கண்ணோடு வளையம் போன்ற ஓட்டை என்றால் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். இரண்டு கண்ணிலும் குருட்டுப்புள்ளி மட்டும் பெரிதாகித் தலைவலியும் இருந்தால் மூளை அழுத்தம் கூடி நரம்புத் தலை வீங்கியிருக்கலாம்; 6/6 வரிசை வரை முழுசாகப் படிக்கிறாரே என்று அனுப்பிவிடாதீர்கள்.

படி 5: கயாஸ்மா

இரண்டு கண்களிலும் காதுப் பக்கம், நிற்கும் கோட்டில் வெட்டினாற்போல் நின்றால் கயாஸ்மா. பிட்யூட்டரி கட்டி கீழிருந்து தள்ளுகிறது. கீழே ஓடுவது விழித்திரைக் கீழ்ப்பாதியின் இழைகள், அதனால் மேற்பக்கக் காதுக் கால்பகுதி முதலில் போகும். கிரேனியோஃபாரிஞ்சியோமா என்ற கட்டி மேலிருந்து அமுக்குவதால் கீழ்க் கால்பகுதி முதலில் போகும். முற்றிவிட்டால் இந்த வித்தியாசம் அழிந்துவிடும், ஆரம்பத்தில்தான் உதவும்.

பிட்யூட்டரி இருக்கும் சுரப்பிக் குழிக்கும் (செல்லா) கயாஸ்மாவுக்கும் நடுவே சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஆகவே புலம் கெடுகிறது என்றால் கட்டி நன்றாகவே மேலே வளர்ந்திருக்கிறது. மாதவிலக்கு நின்றதா, பால் சுரக்கிறதா, மோதிரமும் செருப்பும் சிறிதாகிவிட்டனவா என்று கேட்காமல் எழுந்திருக்காதீர்கள். திடீர்த் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை சேர்ந்தால் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அது அன்றைய அவசரம்.

கயாஸ்மாவும் நரம்பும் சேரும் முனைதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அங்கே பாதித்தால் ஒரு கண்ணில் நடுப்புலம் போகும். நன்றாக இருக்கும் மற்றக் கண்ணில் மேற்பக்கக் காதுக் கால்பகுதியில் சிறிய இழப்பு வரும். 1904இல் வில்பிரான்ட் என்ற ஜெர்மானியர் இதற்குக் காரணம் சொன்னார்: எதிர்க்கண்ணின் சில இழைகள் தாண்டியபின் இந்த நரம்புக்குள் முழங்கால் போல் வளைந்து நுழைந்து திரும்புகின்றன என்று. 1997இல் ஹார்ட்டன் என்ற ஆய்வாளர் அந்த முழங்காலே இயல்பான உடலில் இல்லை என்று வாதிட்டார். கண்ணை எடுத்துப் பல ஆண்டுகள் ஆனவர்களின் நரம்பு சுருங்கி இழைகளை இழுத்துக்கொண்டதுதான் அப்படித் தெரிந்தது என்றார். விளக்கம் சர்ச்சையில் இருக்கிறது, அடையாளம் மட்டும் நிலைத்தது. இன்றும் அது கட்டியைக் காட்டிக்கொடுக்கிறது.

ஏமாற்றும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிட்டப்பார்வை உள்ளவர்களின் சாய்ந்த நரம்புத் தலை, இரண்டு காதுப் பக்கமும் மேலே கறுப்பைக் கொடுக்கும். அந்தக் கறுப்பு நிற்கும் கோட்டைத் தாண்டி மெல்லக் கரைந்துபோகும், நிற்காது. பவரைத் திருத்தி எடுத்தால் குறையவும் செய்யும். ஓரத்தைப் பாருங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

படி 6: கயாஸ்மாவுக்குப் பின்னால்

இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் போனால் எதிர்ப்பக்க மூளை. இடப்பக்கம் போனால் வலது மூளை. இதை ஹோமோனிமஸ் ஹெமியானோப்பியா என்கிறோம். பார்வைக் கூர்மை 6/6 ஆகவே இருக்கும், மறக்காதீர்கள்.

அடுத்து கேட்க வேண்டியது, இரண்டு தாளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன. டிராக்டில் இரண்டு கண்களின் இழைகள் இன்னும் ஜோடி சேரவில்லை, அதனால் ஒரு தாள் ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி. பின்னால் போகப் போக ஜோடி நெருங்கும். பிடரிப் புறணியில் கார்பன் காப்பி. ஆனால் பாதி முழுசாகப் போயிருந்தால் ஒத்துப்போகிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. அந்தத் தாள் பக்கத்தைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. இந்த விதிக்கு விலக்குகளும் இருக்கின்றன, இதை மட்டும் நம்பி நிற்காதீர்கள்.

டிராக்டுக்கு இன்னொரு சாட்சி, கருவிழியின் நடுவிலுள்ள பாப்பா. தாண்டும் இழைகள் தாண்டாதவற்றைவிடக் கொஞ்சம் அதிகம், ஏறக்குறைய 53க்கு 47. ஆகவே வலது டிராக்ட் அறுந்தால் இடது கண் அதிகம் இழக்கிறது. டார்ச்சை மாற்றி மாற்றி அடித்தால் இடது பாப்பா விரியும். ரேடியேஷனிலும் புறணியிலும் பாதித்தால் இது வராது, ஏனென்றால் பாப்பாவுக்கான இழைகள் அதற்கு முன்பே பிரிந்துபோய்விடும்.

ஜெனிகுலேட் உடல் அபூர்வம். படுக்கைக் கோட்டை ஒட்டி ஆப்பு போல ஒரு துண்டு மட்டும் போனாலோ, ஆப்பு மட்டும் மிஞ்சி மேலும் கீழும் போனாலோ அதை நினையுங்கள். இரண்டு வேறு ரத்தக் குழாய்கள் அதற்கு ஊட்டுவதால் வரும் வடிவங்கள் இவை.

டெம்போரல் மடல் என்றால் மேல் கால்பகுதி. வலிப்புக்காக அந்த மடலின் முன்பகுதியை எடுத்தவர்களிடம் இதைப் பார்க்கலாம். பரைட்டல் மடல் என்றால் கீழ் கால்பகுதி. வலது பக்கமாக இருந்தால் இடப்பக்க உலகத்தையே அலட்சியம் செய்வது கூட வரும். புலம் மட்டும் போனவர் தலையைத் திருப்பித் தேடுவார். அலட்சியம் வந்தவர் தேடவே மாட்டார். இலையின் இடப்பக்கத்துப் பொரியல் அப்படியே இருக்கும், இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்பார்.

பிடரிப் புறணி எப்படி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்ததற்குப் போர்தான் காரணம். 1904–05 ரஷ்ய ஜப்பானியப் போரில் ரஷ்யத் துப்பாக்கிகளின் சிறிய, வேகமான குண்டுகள் மண்டையைத் துளைத்து மறுபக்கம் போய்விடும், ஆளும் பிழைத்துவிடுவார். தத்சுஜி இனோயே என்ற ஜப்பானியக் கண் மருத்துவருக்கு அவர்களின் பார்வை இழப்பை அளந்து ஓய்வூதியத்துக்குச் சான்று தரும் வேலை. குண்டு நுழைந்த துளை, வெளியேறிய துளை இரண்டையும் நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோடு மூளையின் எந்த இடத்தைத் தொட்டிருக்கும் என்று கணக்குப் போட்டு, புலத்தோடு ஒப்பிட்டு 1909இல் வரைபடம் வெளியிட்டார். முதல் உலகப் போரில் கோர்டன் ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் அதை விரிவாக்கினார். 1991இல் எம்.ஆர்.ஐ. கொண்டு ஹார்ட்டனும் ஹாய்ட்டும் திருத்தினார்கள்: நடுவிலுள்ள 10 டிகிரிக்கே புறணியில் பாதிக்கு மேல் இடம்.

அந்த வரைபடத்தின்படி புறணியின் பிளவுக்கு மேல் உதடு கீழ்ப்புலம், கீழ் உதடு மேற்புலம். பின் முனை பார்வையின் மையம், முன்னால் போகப் போக ஓரம். மூளையின் பின்பக்கத் தமனி அடைபட்ட பக்கவாதத்தில் பாதி போய், நடுவில் சில டிகிரி மட்டும் தப்பிப்பது சகஜம். முனைக்கு நடுத் தமனியும் கொஞ்சம் ரத்தம் தரும். கை கால் பலவீனம் எதுவும் இராது. நேற்றுவரை நன்றாக இருந்தவர் கண்ணாடி மாற்ற வந்து உட்காருவார், அவ்வளவுதான். பின் முனை மட்டும் பாதித்தால் இரண்டு தாளிலும் மையத்தை ஒட்டிச் சின்ன ஓட்டை விழும். 24-2இல் ஒன்றிரண்டு புள்ளியாகத் தப்பிவிடலாம். 2 டிகிரி இடைவெளியுள்ள 10-2 எடுங்கள்.

முன்பு சொன்ன விதிவிலக்கு இங்கேதான். காதுப் பக்கம் 60 டிகிரிக்கு அப்பால் உள்ள பிறை வடிவப் பகுதியை ஒரு கண் மட்டுமே பார்க்கிறது. அதன் இடம் புறணியின் முன் நுனி. அங்கே பாதித்தால் பின்னால் இருந்தும் ஒரு கண் மட்டும் கெடும். 24-2, 30-2 இரண்டுமே அவ்வளவு தூரம் போவதில்லை. காதுக்குப் பின்னாலிருந்து விரலை ஆட்டிக்கொண்டே முன்னே வந்தால்தான் தெரியும், அல்லது ஓரம் வரை அளக்கும் கோல்ட்மான் கருவி வேண்டும்.

குழாய்ப் பார்வை பற்றி ஒரு வார்த்தை

நிஜமாகச் சுருங்கிய புலம் டார்ச் வெளிச்சம் போல, தூரம் கூடக் கூடப் பெரிதாகும். ஒரு மீட்டரிலும் இரண்டு மீட்டரிலும் ஒரே அளவு வட்டம்தான் தெரிகிறது என்றால் அதற்குக் காரணமான இடம் கண்ணிலும் இல்லை, நரம்பிலும் இல்லை. உடனே நடிப்பு என்று எழுதிவிடாதீர்கள். மனஅழுத்தமும் இப்படிப் பேசும். இன்னொன்று: இரண்டு பக்கமும் பிடரிப் பக்கவாதம் வந்து நடுப்பகுதி மட்டும் தப்பினாலும் சாவித்துவாரம் போலத்தான் தாள் வரும். நிற்கும் கோட்டில் சின்னப் படி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள், இரண்டு பாதிகள் தனித்தனியாகப் போனதன் தடம் அது.

ஒரு தாளைப் போட்டுப் பார்ப்போம்

பயிற்சிக்காக ஒரு கற்பனை நோயாளி. 41 வயதுப் பெண்மணி. மூன்று மாதமாக இடது கண் மங்கல், வலி இல்லை. இடது 6/36, வலது 6/6. டார்ச் அடித்தால் இடது பாப்பா விரிகிறது. நரம்பு அழற்சி என்று ஸ்டீராய்டு கொடுத்தும் பலனில்லை.

இடது தாளில் நடுப்புலம் கறுப்பு. வலது தாள் சாம்பல் படத்தில் சுத்தம் என்றே தோன்றுகிறது. நம்பகத்தன்மை எண்கள் நன்றாக இருக்கின்றன. இப்போது வலது தாளின் பேட்டர்ன் படத்தில் ஜோடிகளை மேலிருந்து ஒப்பிடுங்கள். மேல் வரிசைகளில் கோட்டுக்கு இடப்பக்கம் எல்லாம் சரி. வலப்பக்கம் ஒட்டினாற்போல் மூன்று புள்ளிகள் கறுத்திருக்கின்றன. படுக்கைக் கோட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதாவது, நன்றாக இருக்கும் கண்ணில் மேற்பக்கக் காதுக் கால்பகுதி, நிற்கும் கோட்டில் நின்று. இடது நரம்பு கயாஸ்மாவோடு சேரும் முனை. வலியில்லாமல் மூன்று மாதமாகக் கூடிக்கொண்டே போவது அழற்சியின் போக்கும் அல்ல. அமுக்கும் கட்டியின் போக்கு.

எம்.ஆர்.ஐ. சீட்டில் வெறுமனே ‘மூளை’ என்று எழுதினால் தடித்த துண்டுகளாக எடுத்து, சிறிய கட்டி நடுவில் தப்பிவிடும். ‘செல்லா, கயாஸ்மா; மெல்லிய கொரோனல் துண்டுகள்; கான்ட்ராஸ்டோடு; இடது முன் கயாஸ்மா முனையில் அழுத்தம் என்று சந்தேகம்’ என்று எழுதுங்கள். இரண்டு கண்களின் தாளையும் நகலெடுத்துச் சீட்டோடு பின் குத்தி அனுப்புங்கள். வலது தாளில் அந்த மூன்று புள்ளிகளைப் பேனாவால் வட்டமிட்டு. கூடவே ஓசிடி ஸ்கேனில் விழித்திரையின் கேங்லியான் செல் அடுக்கையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது இன்னும் தடிமனாக இருந்தால், அழுத்தத்தை எடுத்தபின் பார்வை திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று அறுவை சிகிச்சைக்கு முன்பே அவரிடம் சொல்ல முடியும்.